ஆள்காட்டி விரல் 14 சதவிகிதம்

பி.காம். இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு 'இண்டஸ்ட்ரியல் லா' என்று ஒரு பேப்பர் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. பாதிப் பேர் தூங்குவோம். மீதிப் பேர் தூங்க முயற்சி செய்துகொண்டிருப்போம். அந்தப் பேப்பரில் இன்றுவரை எனக்கு மறக்காதது ஒரே ஒரு அட்டவணைதான். 1923-ம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை.

மளிகைக் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். கட்டை விரல் முழுசாகப் போனால், சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் நஷ்டம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் தலா 7. ஆள்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் போனால் 9. எலும்புக்குச் சேதமில்லாமல் நுனிச் சதை மட்டும் சீவிக்கொண்டு போனால் 5. ஒரு கண் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் 40.

கட்டை விரல் தவிர மற்ற நான்கையும் கூட்டிப் பாருங்கள். 14, 12, 7, 7... மொத்தம் 40 வருகிறதா? ஆனால், நான்கும் ஒரே கையில் ஒன்றாகப் போனால் அட்டவணை 50 தருகிறது. ஹோல்சேலில் ரேட் ஏறுகிற ஒரே சரக்கு இதுதான் என்று பின் பெஞ்சில் ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. ஏகலைவனுக்கு 30 சதவிகிதம்தானா என்று கேட்டதும் அவன்தான். வாத்தியாரிடம் அதற்குப் பதில் இல்லை.

உண்மையில் அதற்குப் பதில் இருக்கிறது. 1975-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அது பாதி ஊனம்தான் என்று முதலாளி தரப்பு வாதாடியது. நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே அவருக்கு அது முழு இழப்பு என்று சொல்லிவிட்டார்கள். அதாவது, அட்டவணை கையைத்தான் பார்க்கும். அந்தக் கை என்ன வேலை செய்தது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தின் பெயரை 2009-ல் மாற்றினார்கள். 2020-ல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அதையும் போட்டார்கள். பெயர் என்னவாக மாறினாலும், விரல் விரல்தான்.

இத்தனை வருடம் கழித்து அந்த அட்டவணை எனக்கு ஞாபகம் வந்த இடம், ஜவ்வாது மலை.

காவலூர் பக்கம் போயிருந்தேன். அங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்த பெரிய டெலஸ்கோப். ராத்திரி முழுக்க மேகம். சனி கிரகத்தைப் பார்க்கப் போனவன் சனிக்கிழமையை மட்டும் பார்த்துவிட்டு, மறுநாள் ஜமுனாமரத்தூரில் நண்பர் ஒருவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போனேன். ரிட்டயர்ட் வாத்தியார். மலைக்காற்றும் சாமைச் சோறும் போதும், பட்டணம் வேண்டாம் என்று முடிவு பண்ணி ஏறி வந்தவர். வீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கதவு, ஜன்னல், கிராதி வேலை நடந்துகொண்டிருந்தது.

வேலை செய்தது ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். அந்த மலையின் மலையாளிப் பழங்குடி. (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், மலையாளிகள்.) பெங்களூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் சில வருடம் வேலை செய்துவிட்டு, கடன் வாங்கி சொந்தமாக ஒரு டிரில்லிங் மெஷினும் ஒரு கிரைண்டரும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறான். சொந்தமாக எடுத்துச் செய்யும் முதல் வேலை. அவன் அம்மா கூடவே சித்தாளாக வந்திருந்தார்.

மெஷின் இரண்டும் பளபளவென்று இருந்தன. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், பொட்டு. ஜவ்வாது மலையில் இது ஒன்றும் புதிதல்ல. சில கிராமங்களில் புதிய கற்காலத்துக் கற்கோடாரிகளைச் சாமி என்று வைத்து இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் எவனோ ஒருவன் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கல். கருவியைக் கும்பிடுவதில் அவ்வளவு நீண்ட பாரம்பரியம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பொட்டு இருந்த கிரைண்டரில் கார்டு இல்லை.

கார்டு என்றால் கிரைண்டரின் சக்கரத்தைப் பாதி மூடியிருக்கும் இரும்பு மூடி. வீல் உடைந்தால் துண்டு நம் முகத்துக்கு வராமல் தடுப்பது அதுதான்.

"ஏம்பா, இதுல ஒரு மூடி இருக்குமே?"

"கழட்டிட்டேன் சார். அது இருந்தா பிளேடு முழுசா இறங்காது."

அதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். சென்னையில் என் வீட்டுக்கு வந்த ஆசாரியும் அதையேதான் சொன்னார். இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. கார்டு இல்லாவிட்டால் 4 இஞ்ச் மெஷினில் 5 இஞ்ச் பிளேடைப் போடலாம். இந்தப் பையனும் பல் வைத்த மரமறுக்கும் பிளேடு ஒன்றைப் போட்டிருந்தான். 4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். மரம் அறுப்பதற்கென்றே இருக்கும் கை ரம்ப மெஷினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்குப் போட்டால், 4 இஞ்ச் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே வாணியம்பாடியில் நாற்கர சாலையில் எந்தக் காரும் அந்த வேகத்தில் போவதில்லை. அந்த வேகத்தில் ஒரு பல் மரத்தின் கணுவில் மாட்டினால், மரம் நகராது. மெஷின்தான் எகிறும். பிடித்திருக்கிறவன் தொடைக்கு, இல்லாவிட்டால் கழுத்துக்கு.

சின்ன கிரைண்டர்கள் பலவற்றில் தள்ளு ஸ்விட்ச் இருக்கும். ஒரு தடவை முன்னால் தள்ளிவிட்டால், கையிலிருந்து விழுந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். டிரில்லிங் மெஷின் அப்படி இல்லை. விரலை எடுத்தால் நின்றுவிடும். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மின்சார டிரில் 1889-லேயே ஆஸ்திரேலியாவில் வந்துவிட்டது. 1895-ல் ஜெர்மனியில் ஃபைன் கம்பெனி கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி செய்தது. ஆனாலும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு ஸ்விட்ச்சைத் தேட வேண்டிய அவஸ்தை இருந்தது. அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்ற இரண்டு பேர் கைத்துப்பாக்கியைப் பார்த்து, அதே மாதிரி பிடியும் விசையும் வைத்து, 1917-ல் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைக்கு உலகத்தில் எந்த டிரில்லைப் பார்த்தாலும் துப்பாக்கி ஞாபகம் வருவது அதனால்தான். ஆள்காட்டி விரல் விசையில் இருக்கும். பயத்தில் கையை உதறினால் தானாக நிற்கும்.

அந்த நல்ல ஏற்பாட்டையும் கெடுப்பதற்கு மெஷினிலேயே ஒரு குட்டி பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை அமுக்கினால் விசை லாக் ஆகிவிடும், விரல் வலிக்காது. இந்தப் பையன் அதை அமுக்கிவிட்டுத்தான் வேலை செய்தான். வலது மணிக்கட்டில் மேல்மலையனூர் சிவப்புக் கயிறு, அதன்மேல் கறுப்புக் கயிறு, அதன்மேல் ஒரு செம்புக் காப்பு.

சாதாரண டிரில் நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 46. ஏதோ தப்பு நடக்கிறது என்று மூளைக்கு எட்டி, விரல் விசையை விட, கால் நொடியாவது ஆகும். அதற்குள் 11 சுற்று முடிந்துவிடும். மணிக்கட்டுக் கயிற்றின் நுனி பிட்டில் மாட்டினால், 11 சுற்றுக் கயிறு. பட்டன் லாக் ஆகியிருந்தால் எண்ணிக்கையே கிடையாது.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பூச்சு வேலைக்குப் போளூரிலிருந்து வந்திருந்த மேஸ்திரி முந்திக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது. எதுவும் பேசவில்லை. தன் இடது கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். நடுவிரல் அடிக்கணுவோடு இல்லை.

"ரம்பத்துல போச்சா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"ரம்பத்துக்கு நான் பயப்படுவேன் சார். அதனால ரம்பம் என்னை ஒண்ணும் பண்ணல. டிரில்லுலதான் போச்சு. பாவம் மாதிரி இருக்குது பாருங்க, அதான் டேஞ்சரு."

மார்கழி மாதம், ஏலகிரியில் வேலை. விடியற்காலைக் குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டிருக்கிறார். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, சூட்டுக்குச் சூடு. கிராதிப் பட்டையில் ஓட்டை போடும்போது இரும்புச் சுருளை விலக்கக் கையைக் கிட்டே கொண்டுபோயிருக்கிறார். கையுறையின் நூல் ஒன்று பிட்டில் சிக்கியது. பிறகு கையுறை, பிறகு விரல்.

கையுறை போடாதே என்று சொல்கிற பாதுகாப்பு விதி நம்மில் பலருக்கு விசித்திரமாகப் படும். ஆனால் சுழல்கிற பிட்டுக்குப் பக்கத்தில் கையுறை கூடாது என்பதுதான் பட்டறைகளின் பழைய பாடம். கையுறை, கயிறு, மோதிரம், முழுக்கைச் சட்டையின் பட்டன் போடாத நுனி, தோளில் துண்டு, லுங்கி முனை, துப்பட்டா, பின்னல்... பிட் நம்மைத் தேடி வராது. இவைதான் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மேஸ்திரி அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். விரலை விட்டுவிட்டு வரவில்லை. டீக்கடையில் ஐஸ்கட்டி வாங்கி, அதன்மேல் விரலை வைத்து எடுத்துக்கொண்டு மலை இறங்கியிருக்கிறார். இழுத்துப் பிய்த்துக்கொண்டு வந்த விரலை ஒட்டவைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுத்தமாக வெட்டுப்பட்டது என்றால் வாய்ப்பு அதிகம். ஐஸையும் நேராக வைக்கக் கூடாதாம், சதை உறைந்து கெட்டுவிடும். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் விரலைச் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸுக்குள் வைக்க வேண்டும். இந்த மூன்று அடுக்கை அவர் எனக்குத் தன் வெற்றிலைப் பையை வைத்துச் செய்தே காண்பித்தார். பத்து வருடம் முன்னால் தெரிந்திருக்கலாம் என்ற வருத்தம் குரலில் இருந்தது.

எந்த ஊரிலும் இது முக்கியம். மலையில் இன்னும் முக்கியம். 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஜமுனாமரத்தூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இறங்கிப் போளூரைத் தொடவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கை அறுவைக்கென்றே டாக்டர்கள் இருக்கும் வேலூருக்கு அதைவிட அதிகம். சென்னையில் டிரில் வைத்திருப்பவனுக்கும் ஜவ்வாது மலையில் டிரில் வைத்திருப்பவனுக்கும் மெஷின் ஒன்றுதான். விலையும் ஒன்றுதான். ஆஸ்பத்திரி தூரம்தான் வேறு. அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுத்தால், மலையில் இருப்பவன்தான் நம்மைவிட இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நடப்பது நேர் தலைகீழ்.

வேலூர் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அங்கேயும் மலையாளிப் பழங்குடிகள்தான். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் மிஷனரி. மலைமக்களுக்கு மருந்து கொடுத்ததோடு தச்சு வேலையும் சொல்லிக்கொடுத்தவர். பையன் இங்கிலாந்துக்குப் போய் டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் சில வருடங்கள் கட்டட வேலையும் மரவேலையும் கற்றுக்கொண்டான். உளி பிடித்த பிறகுதான் கத்தி பிடித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பிராண்ட், கொஞ்ச நாளில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், என் கையை அழுத்திப் பிடியுங்கள் என்றார். அந்த மனிதர் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி உயிர் போய்விட்டது. அவ்வளவு பலம்! கை செத்துவிடவில்லை. அந்தப் பிடி எதிராளிக்கு வலிக்கிறது என்பது மட்டும்தான் பிடித்தவருக்குத் தெரியவில்லை.

அதுவரை உலகம் முழுக்க, தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்ட் 1951-ல் வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஒரு சின்னக் குடியிருப்பை ஏற்படுத்தி, அறுவை முடிந்த இளைஞர்களுக்கு அங்கே மரவேலை கற்றுக்கொடுத்தார். கூடவே ஒரு வேலை செய்தார். தினமும் கை கால்களைப் பார்ப்பது. புதுக் காயம் இருந்தால் அது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. துப்பறியும் நாவல் மாதிரி. சிராய் நீட்டிய சுத்தியல் பிடி, சூடான பாத்திரம், அளவுக்கு மீறித் திருகிய சாவி... ஒவ்வொன்றாக மாட்டியது. விரல் தானாகக் குறையவில்லை. வலிக்காததால், விட வேண்டிய நேரத்தில் கை விடவில்லை. அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. ராத்திரி தூங்கி எழுந்தால் சிலருக்கு விரல் நுனி காணாமல் போயிருந்தது. காவல் வைத்துப் பார்த்ததில் தெரிந்தது, எலி. கடிக்கிற வலியே தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள். அதன்பிறகு நிலையத்தை விட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம். மருத்துவ வரலாற்றில் இதைவிட நல்ல பாதுகாப்புச் சாதனம் எனக்குத் தெரியாது.

தொழுநோய்க்கும் டிரில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன், அந்தப் பையன் டீ டம்ளரைத் தவறவிடும் வரை.

பதினோரு மணி டீ. டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவன் அம்மா, "தெனமும் இப்படித்தான் சாமி. எதையாவது ஒண்ணக் கீழ போடுறான்" என்றார்.

"கை மரத்துப்போகுதா தம்பி?"

"ராத்திரில சார். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். காலைல சட்டை பட்டன் போடுறப்ப, பட்டன் மேல கை இருக்குதா இல்லையான்னே தெரியாது. அப்புறம் சரியாயிடும்."

பெங்களூரில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டேன். எட்டு மாதம் தொடர்ந்து பிரேக்கர். கான்கிரீட்டை உடைக்கும் மெஷின். காலையிலிருந்து சாயங்காலம் வரை.

1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்குப் போய், காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்குகிறவர்களின் கைகளைப் பரிசோதித்தார். குளிர் காலையில் விரல்கள் செத்த விரல் மாதிரி வெளுத்துப்போய், உணர்ச்சி இல்லாமல் இருந்தன. மெஷினின் அதிர்வு விரலின் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கிறது. நம் மாதிரி வெயில் ஊர்களில் விரல் வெளுப்பது அவ்வளவாகத் தெரியாது. மரத்துப்போவதும் எறும்பு ஊர்வதும் மட்டும் தெரியும். அதை நாம் அசதி என்று சொல்லிக்கொண்டு தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துவிடுவோம். ஆரம்பத்தில் மெஷினை விட்டால் குறையும். விடாமல் போனால் நரம்பில் நிலைத்துவிடும்.

பிராண்ட் பார்த்த அதே நிலைமைதான். சிவப்புக் கயிறு பிட்டில் உரசும் முதல் கணத்தை, பிட் சூடாகிக் கொதிப்பதை, பிடி நழுவுவதை முதலில் சொல்ல வேண்டியது விரல் நுனி. அது தூங்கிக்கொண்டிருந்தால் மற்ற எல்லாக் காவலும் பிறகுதான்.

மேஸ்திரி அதற்குள் அவனுடைய மற்ற தப்புகளைப் பட்டியல் போட ஆரம்பித்திருந்தார். ஒயரில் பிளக் இல்லை. இரண்டு ஒயர் நுனியையும் நேராக சாக்கெட்டில் சொருகி, நழுவாமலிருக்க இரண்டு தீக்குச்சி! இந்தத் தீக்குச்சி டெக்னாலஜியை நான் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலும் பார்த்திருக்கிறேன். புதுக் கட்டடம், சுவருக்கு க்யூரிங் தண்ணீர் விட்டுத் தரை முழுக்க ஈரம், வெறுங்கால். ஒரு பிளக்கின் விலை இரண்டு டீ, இரண்டு பஜ்ஜி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் சாதனம் ஒன்றை நண்பர் போர்டில் மாட்டி வைத்திருந்தார், அது ஆறுதல். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒரு பட்டன் இருக்கிறதா என்றார்.

அடுத்தது தகடு. கிராதிக்கு வைக்கும் இரும்புத் தகட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓட்டை போட்டான். ஓட்டை போடுவதில் ஆபத்தான நேரம் ஆரம்பம் அல்ல, முடிவு. பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அந்த நொடியில்தான் தகட்டைக் கவ்வும். கவ்வினால் தகடு காத்தாடி மாதிரி சுற்றும். கூர்மையான நான்கு மூலை உள்ள காத்தாடி. அடியில் ஒரு மரக்கட்டை, மேலே ஒரு கிளாம்ப், கடைசி மில்லிமீட்டரில் கையின் அழுத்தத்தைக் குறைப்பது. இவ்வளவுதான் வித்தை. கான்கிரீட்டில் கம்பியில் பட்டால் இதுவே தலைகீழ். கம்பி நகராது, மெஷின் சுற்றும், கூடவே மணிக்கட்டும். அதற்குத்தான் பக்கவாட்டில் திருகிக்கொள்ள இரண்டாவது கைப்பிடி ஒன்று பெட்டியிலேயே வருகிறது. அவனுடையது பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது.

கண்ணுக்கு என்ன போடுகிறாய் என்றதற்கு, பையிலிருந்து ஒரு கூலிங் கிளாஸை எடுத்துக் காட்டினான். திருவிழாக் கடையில் வாங்கியது. "நிழல்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது சார், அதனால வேலை செய்யறப்ப கழட்டிடுவேன்." ஃபோட்டோவுக்கு மட்டும் போடுவானாம்.

இவை எல்லாவற்றையும் அவன் எங்கேயும் படிக்கவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை. மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். ஆங்கிலம், இந்தி, இன்னும் என்னென்னவோ இருந்தன. தமிழ் இல்லை. காண்ட்ராக்டரிடம் கேட்டாயா என்றால், "பக்கத்துல இருக்கறவன் செய்யறதப் பாத்துத்தான் சார்" என்றான். பக்கத்தில் இருந்தவனுக்கும் அதே படிப்புதான். மெஷினை விற்ற கடையில் வாரண்டி கார்டில் சீல் போட்டுக் கொடுத்தார்கள். கிரைண்டர் வீலின் நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தில் ஒரு தேதி அச்சாகியிருக்கும், அதைத் தாண்டினால், அல்லது ஈரத்தில் ஊறினால், வீலைப் பிடித்துவைத்திருக்கும் பசை பலம் இழந்துவிடும் என்று ஒருவர் ஒரு வரி சொல்லியிருக்கலாம். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கத் தெரிந்த பையன்தானே!

பேசாமல் இதெல்லாம் வேண்டாம், வேறு வேலை பார் என்று சொல்வது சுலபம். மலையில் வேறு வேலை என்ன என்று கேட்டால்தான் தொண்டை அடைக்கும். சாமை, கடுக்காய், தேன் வைத்து வருடம் முழுக்க ஓட்ட முடியாமல் இறங்கிப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 தமிழகத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்த மலையில் ஒரு பையன் கோடாரியோடு ராத்திரி லாரி ஏறாமல், சொந்த மெஷின் வாங்கிச் சொந்த ஊரில் ஜன்னல் மாட்டுகிறான் என்பது நல்ல செய்தி. அந்த அம்மா அதற்காகத்தான் மெஷினுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்.

கயிறு விஷயத்தை அம்மாவிடமே எடுத்துக்கொண்டு போனோம். "மலையனூர் ஆத்தா கயிறு, அவுக்கக் கூடாது சாமி" என்றார். அவிழ்க்க வேண்டாம், மேல் கையில் கட்டிவிடுங்கள், சட்டைக்குள் இருக்கட்டும் என்றார் மேஸ்திரி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே கட்டிவிட்டார். காப்பு மடிக்குப் போயிற்று. லாக் பட்டனைத் தொட மாட்டேன் என்று பையன் ஒப்புக்கொண்டான். சக் சாவியை ஒரு நூலில் கட்டி, ஒயரின் பிளக் முனையிலேயே தொங்கவிட்டார் மேஸ்திரி. பிட் மாற்றச் சாவி வேண்டுமென்றால் சாக்கெட் வரைக்கும் போக வேண்டும், போனால் பிளக்கைப் பிடுங்கத் தோன்றும். சாவியைச் சக்கிலேயே மறந்துவிட்டு ஸ்விட்ச்சைப் போடுகிற விபத்தும் இல்லை. நண்பர் ஸ்கூட்டரில் போய் ஒரு பிளக் வாங்கி வந்தார். மர பிளேடைக் கழற்றி எறிந்தாயிற்று. வேலூருக்குப் போய்க் கையைக் காட்டு என்றதற்கு மட்டும், "ஒரு நாள் கூலி போயிடும் சார்" என்றான். அந்தக் கூலியை நண்பர் தருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை போகிறேன் என்றான்.

கார்டுதான் பாக்கி. "எங்கப்பா வச்சிருக்கே?" என்றேன்.

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தார்.

"வீட்டுல சாமி ரூம்புல இருக்குது சார். மலைக்காத்து வெளக்க அணைக்குதுன்னு, அதுக்கு மறைப்பா வச்சிருக்காங்க."

"எடுத்தாந்துடறேன் சாமி" என்றார் அந்த அம்மா. நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "அப்ப வெளக்குக்கு?"

மேஸ்திரி பெயிண்ட் டப்பா ஒன்றைத் தேடி எடுத்து, அதை எப்படிப் பாதியாக வெட்டலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். "கிரைண்டரத் தொடாத, தகரம் வெட்டற கத்திரி கொண்டா" என்று பையனிடம் சொன்னார்.